நர்சம்மா, நீங்க போட்டுக்கிட்டீங்களா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாம் வகுப்பு வரைதான் படிச்சிருக்கேன். மேடையில பேசிப் பழக்கமில்லை. குழுக் கூட்டத்துல தீர்மான நோட்டு எழுதுறது என் வேலை. அதனால பேசுறதை விட எழுதுறது கொஞ்சம் வரும். இதையும் நோட்டுல எழுதி வச்சுத்தான் வாசிக்கிறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

மலருக்காகப் பேசணும்னு சொன்னப்போ, மாடு வாங்கினது, கடன் அடைச்சது, தையல் மெஷின் வாங்கினது பத்திப் பேசலாம்னு சொன்னாங்க. அதை எல்லாரும் நல்லாவே பேசுவீங்க. நான் ஒரு கேள்வியைப் பத்தி மட்டும் பேசப் போறேன். ஊசி போட வர்ற நர்சம்மாகிட்ட நாம எல்லாரும் கேட்கிற கேள்விதான் அது. "நீங்க போட்டுக்கிட்டீங்களா?"

இந்தக் கேள்வியை நான் 2021 மார்ச் மாசம் எங்க வீட்டுத் திண்ணையில வச்சுக் கேட்டேன். அதுக்குக் கிடைச்ச பதில் இன்னைக்கு வரைக்கும் என்னைத் தூங்க விடலை.

அந்த வருஷம் ஜனவரி 16-ஆம் தேதி நாடு முழுக்க கொரோனா தடுப்பூசி போட ஆரம்பிச்சாங்க. முதல்ல டாக்டர், நர்சு, சுகாதாரப் பணியாளர்களுக்குத்தான். தமிழ்நாட்டுல 166 இடத்துல ஆரம்பிச்சாங்க. ஆனா முதல் சில நாள் எதிர்பார்த்த கூட்டம் வரலை. டி.வி.யில அந்தச் செய்தியைப் பார்த்துட்டு எங்க தெருவுல எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. "ஊசி போடுறவங்களே போட்டுக்க மாட்டேங்குறாங்க, நமக்கு எதுக்கு?"

மார்ச் 1-ஆம் தேதியில இருந்து 60 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கும் போடலாம்னு வந்தது. எங்க மாமியாருக்கு அப்போ 61 வயசு. சர்க்கரையும் இருந்தது. எங்க ஊர் துணை சுகாதார நிலைய நர்சம்மா வீடு வீடா பேர் எழுதிக்கிட்டு வந்தாங்க. சின்ன வயசுதான், என்னை விட ரெண்டு மூணு வயசு குறைவு. எங்க அத்தை உடனே, "எனக்கு எழுதிக்கத்தா, எப்ப வரணும்?"னு கேட்டாங்க. அவங்களுக்குப் பயமே இல்லை. அந்தக் காலத்துல அம்மை குத்திக்கிட்ட தழும்பு கையில இருக்கும். அதைக் காட்டி, "இதைக் குத்தித்தான் நாங்க பொழைச்சோம்"னு சொல்லுவாங்க.

பயம் எனக்குத்தான். நான்தான் கேட்டேன். "நர்சம்மா, நீங்க போட்டுக்கிட்டீங்களா?"

நர்சம்மா உடனே பதில் சொல்லலை. நோட்டைப் பார்த்தாங்க. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாங்க. அப்புறம், "நாங்க யாரையும் கட்டாயப்படுத்தலைக்கா. உங்க விருப்பம். மேல இருந்து சொல்லியிருக்காங்க, நான் பேர் எழுதிக்கிறேன்"னு சொன்னாங்க.

அந்தப் பதில்ல ஒரு தப்பான வார்த்தை கிடையாது. ஆனா அவங்க முகத்தைப் பார்த்து நான் முடிவு பண்ணிட்டேன். அத்தைகிட்ட, "கொஞ்ச நாள் போகட்டும் அத்தை, நாலு பேர் போட்டு என்ன ஆகுதுன்னு பார்த்துட்டுப் போவோம்"னு சொன்னேன். என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். அத்தை ஒண்ணும் சொல்லலை.

ஏப்ரல்ல நடிகர் விவேக் 15-ஆம் தேதி ஊசி போட்டுக்கிட்டார், 17-ஆம் தேதி இறந்துட்டார். இதயத்துல இருந்த அடைப்புதான் காரணம், ஊசி காரணமில்லைன்னு டாக்டர்களும் அரசாங்கமும் சொன்னாங்க. யார் காதுல அது ஏறுச்சு? எங்க ஊர்ல முகாம் போட்டா நாலு பேர்கூட வரலை. நர்சம்மா ஐஸ் பெட்டியோட சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்துட்டுத் திரும்பிப் போவாங்க. நானே அதைப் பார்த்துக்கிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

மே மாசம் அத்தைக்குக் காய்ச்சல். மூணாவது நாள் மூச்சு வாங்க ஆரம்பிச்சது. ஆம்புலன்சுக்கு ராத்திரி பூரா காத்திருந்தோம். குழுவுல இருந்து அவசரக் கடனா 20,000 ரூபாய் எடுத்துக் குடுத்தாங்க, அந்த நன்றியை நான் மறக்க மாட்டேன். ஆறு நாள் ஆக்சிஜன்ல இருந்தாங்க. ஏழாவது நாள் இல்லை. முகத்தைக்கூடச் சரியாப் பார்க்க விடலை.

எல்லாம் முடிஞ்சு பத்து நாள் கழிச்சு அவங்க துணிமணியை எடுத்து வைக்கும்போது சுருக்குப்பையைத் திறந்தேன். வெத்தலை காஞ்சு கிடந்தது. கொட்டைப் பாக்கு இருந்தது. அதுக்குக் கீழ, நாலா மடிச்ச பிளாஸ்டிக் பைக்குள்ள அவங்க ஆதார் கார்டு. ஊசி போடப் போகும்போது ஆதார் வேணும்னு நர்சம்மா அன்னைக்குத் திண்ணையில சொல்லியிருந்தாங்க. பீரோவுல இருந்ததை எப்போ எடுத்து வச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. என்கிட்ட எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை. ஆனா என்னைக்காவது இவ கூட்டிட்டுப் போவாங்குற நினைப்புல அதை மடியிலேயே வச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.

ஊசி போட்டிருந்தா நிச்சயமா பொழைச்சிருப்பாங்கன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. போட்டுக்கிட்டவங்களுக்கும் கொரோனா வந்தது. ஆனா உயிர் போற அளவுக்கு முத்துறது குறைவா இருந்தது. அந்த வாய்ப்பை அவங்களுக்கு நான் குடுக்கலை. இது என் மனசுல இருக்கிற பாரம்.

கொஞ்ச நாள் எனக்கு அந்த நர்சம்மா மேல ரொம்பக் கோபம் இருந்தது. தெருவுல பார்த்தா திரும்பிக்குவேன். "அன்னைக்கு ஒரு வார்த்தை சரியா சொல்லியிருந்தா"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

செப்டம்பர் 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தமிழ்நாடு முழுக்க பெரிய முகாம் போட்டாங்க இல்லையா, அதுக்கு முந்தின நாள் நர்சம்மா எங்க வீட்டுக்கு வந்தாங்க. நான் உள்ள கூப்பிடலை. அவங்களே திண்ணையில உட்கார்ந்தாங்க, அதே இடத்துல. பேர் எழுதுற நோட்டு கையில இல்லை. அவங்க சொன்னதை என் நினைவுல இருக்கிறபடியே சொல்றேன்.

"அக்கா, அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லலை. ஜனவரியில எனக்குப் பேர் வந்தது. எனக்குக் கைக்குழந்தை. பால் குடுக்கிறவங்களுக்கு அப்போ போடக் கூடாதுன்னு இருந்தது. அதை எழுதிக் குடுத்துட்டேன். அது பொய் இல்லை. ஆனா குழந்தை இல்லாட்டியும் நான் போயிருக்க மாட்டேன். எனக்குப் பயமா இருந்தது. அந்தக் காரணம் கிடைச்சதும் சந்தோஷமா ஒளிஞ்சுக்கிட்டேன். மே மாசம் பால் குடுக்கிறவங்களும் போடலாம்னு சொன்னப்புறம்தான் போட்டேன். அதுவும் உங்க அத்தை இறந்த சேதி கேட்டப்புறம்தான் போட்டேன்."

நான் ஒண்ணும் பேசலை. காப்பி போட்டுக் குடுத்தேன். அவங்க இன்னும் சொன்னாங்க. நர்சு வேலை பார்க்கிறவங்களுக்கு எல்லாம் தெரியும்னு ஊர்ல நினைக்கிறாங்க. ஆனா புது ஊசி வரும்போது அவங்களும் நம்மளை மாதிரிதான் வாட்ஸ்அப்புல பார்க்கிறாங்க. ஒரே வருஷத்துல கண்டுபிடிச்ச ஊசி எப்படிச் சரியா இருக்கும்னு அவங்களுக்கும் சந்தேகம். ரெண்டு ஊசியில ஒண்ணுக்கு ஆரம்பத்துல ஒப்புதல் படிவத்துல கையெழுத்து வாங்கினாங்க, அதைக் கேள்விப்பட்டதும் இன்னும் பயம். கூட வேலை பார்க்கிறவங்க ஊசி போட்டு ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்ததைப் பார்த்துட்டு, நாம படுத்துட்டா வீட்டுல குழந்தையை யார் பார்ப்பாங்கன்னு நினைப்பு.

இன்னொண்ணும் சொன்னாங்க. 2008-ல திருவள்ளூர் மாவட்டத்துல தட்டம்மை ஊசி போட்டப்புறம் நாலு குழந்தைங்க இறந்துபோச்சு. அதுக்கப்புறம் கொஞ்ச காலம் ஊருக்குள்ள வந்து ஊசி போடுறதையே நிறுத்திட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துல மட்டும் போட்டாங்க. அப்போ அவங்க பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டு இருந்தாங்களாம். வேலைக்கு வந்தப்புறம் மூத்த நர்சுங்க அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, எது நடந்தாலும் ஊசி போட்ட கைதான் முதல்ல மாட்டும்னு மனசுல பதிஞ்சுபோச்சாம். "அதனால நாங்க வாயைத் திறந்து 'போட்டுக்கங்க, நான் சொல்றேன்'னு சொல்ல மாட்டோம்க்கா. 'மேல இருந்து சொல்லியிருக்காங்க'ன்னு சொல்லுவோம். அது எங்களுக்குக் குடை மாதிரி."

கடைசியா அவங்க சொன்னது இது. "தினமும் போன் போட்டு, இன்னைக்கு எத்தனை பேருக்குப் போட்டேன்னு கேட்டாங்க. உனக்குப் பயமா இருக்கான்னு ஒருத்தரும் கேட்கலை."

அக்கா தங்கச்சிகளே, அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சது. நான் கேட்ட கேள்வி சரியான கேள்விதான். ஆனா ஒரு கேள்வியோட நிறுத்திட்டேன். அவங்க தயங்கினதும், "ஏம்மா தயங்குறீங்க? உங்களுக்கு என்ன பயம்?"னு அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கணும். கேட்டிருந்தா, பால் குடுக்கிறவங்களுக்குத்தான் அப்போ போடக் கூடாது, 61 வயசு சர்க்கரைக்காரங்களுக்கு அவசியம் போடணும்னு அவங்களே சொல்லியிருப்பாங்க. தயக்கத்தைப் பார்த்து நான் முடிவு பண்ணினேன். காரணத்தைக் கேட்கலை. அந்தத் தப்பு என்னுது.

அடுத்த நாள் முகாமுல நடந்ததையும் சொல்லணும். நர்சம்மா பள்ளிக்கூட வாசல்ல நின்னு, வந்தவங்ககிட்ட எல்லாம், "நானும் ஆரம்பத்துல பயந்தேன். அப்புறம் போட்டுக்கிட்டேன். ஒருநாள் காய்ச்சலும் கைவலியும் இருந்தது. மாத்திரை போட்டுப் படுத்தேன், சரியாப் போச்சு. உங்களுக்கும் வரலாம், பயப்படாதீங்க"ன்னு சொன்னாங்க. நாலு மாசத்துக்கு முன்னாடி நாலு பேர் வராத ஊர்ல அன்னைக்கு வரிசை வேப்பமரம் தாண்டி நின்னுச்சு. ஊசி அதே ஊசிதான். சொன்ன விதம்தான் வேற. "ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னா நாம நம்ப மாட்டோம். "இது இது ஆகும், இத்தனை நாள்ல சரியாகும்"னு சொன்னா நம்புவோம். நான் அன்னைக்குத்தான் முதல் ஊசி போட்டுக்கிட்டேன்.

இதை விடப் பழைய ஒரு சேதியும் இருக்கு. 2017 பிப்ரவரியில தட்டம்மை, ரூபெல்லா ஊசி பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டாங்களே, அப்போ என் மகள் ரொம்பச் சின்னப் பிள்ளை. வாட்ஸ்அப்புல வந்த வதந்தியைக் கேட்டு நான் அன்னைக்கு அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பலை. நிறையத் தாய்மார் அப்படித்தான் பண்ணினோம், அதனாலதான் முகாமை நீட்டிச்சாங்க. அப்போ இருந்தவங்க வயசான நர்சம்மா, இப்போ ஓய்வு பெற்றுட்டாங்க. வீட்டு வாசலுக்கு வந்து, "என் பேரனுக்குப் போட்டுட்டுத்தான் உன் வாசல்ல நிக்கிறேன், பிள்ளையைக் கூப்பிடு"ன்னு சொன்னாங்க. மறுபேச்சு இல்லை, கூட்டிட்டுப் போனேன். ஒரு நர்சம்மா தான் போட்டுக்கிட்டு, மனசார நம்பிச் சொன்னா ஊரே கேட்கும். தானே நம்பாம சொன்னா, நூறு நோட்டீஸ் ஒட்டினாலும் ஊர் நம்பாது. நமக்கு நர்சம்மா முகம்தான் நோட்டீஸ்.

சரி, இந்தப் பழைய கதையெல்லாம் இப்போ எதுக்குன்னு கேட்பீங்க. இன்னொரு புது ஊசி இருக்கு. அதுவும் நம்ம பொம்பளைப் பிள்ளைகளுக்கு.

கருப்பைவாய்ப் புற்றுநோய் வராம தடுக்கிற எச்.பி.வி. தடுப்பூசியை 14 வயசுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியா போடப்போறதா 2025 மார்ச் மாச பட்ஜெட்டுல தமிழ்நாடு அரசு சொன்னது. அதுக்கு 36 கோடி ரூபாய் ஒதுக்கினாங்க. தனியார்ல போட்டா ஆயிரக்கணக்குல ஆகிற ஊசி. என் மகளுக்கு இப்போ 14 வயசு. அதனால இது எனக்கு வெறும் செய்தி இல்லை.

இந்தச் சேதி வந்ததுமே எங்க தெருவுல பேச்சு கிளம்பிடுச்சு. "சின்னப் பிள்ளைக்குக் கர்ப்பப்பை ஊசி எதுக்கு?" "பின்னால பிள்ளை பிறக்காம பண்றதுக்குத்தான்." "யாருக்கோ போட்டுச் செத்துட்டாங்களாம்." 2021-ல கேட்ட அதே குரல். இந்தத் தடவை நான் திண்ணையில உட்கார்ந்து முடிவு பண்ணலை. குழுவுல பேசி, நர்சம்மாவை எங்க மாதக் கூட்டத்துக்கே கூப்பிட்டோம். முகாம் அன்னைக்கு இல்லை, ஊசி வர்றதுக்கு முன்னாடியே. கையில ஐஸ் பெட்டியும் இல்லை, நோட்டும் இல்லை. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசினாங்க.

முதல் கேள்வி நான்தான் கேட்டேன். அவங்களுக்கு மூத்தது பொண்ணு, எட்டாவது படிக்குது. "நர்சம்மா, உங்க பொண்ணுக்குப் போடுவீங்களா?"

இந்தத் தடவை பேனா மூடியைத் தேடலை. "போடுவேன்க்கா. வயசு வந்ததும் முதல் நாளே போடுவேன். ஆனா நான் போடுறேங்குறதுக்காக நீங்க போடாதீங்க. ஏன் போடுறேன்னு சொல்றேன், கேட்டுட்டு முடிவு பண்ணுங்க"ன்னு சொன்னாங்க.

அவங்க சொன்னதுல நான் தீர்மான நோட்டுல எழுதி வச்சதை உங்களுக்கும் வாசிக்கிறேன். நம்ம நாட்டுப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியா அதிகமா வர்றது இந்தக் கருப்பைவாய்ப் புற்றுநோய். எச்.பி.வி.ங்கிற கிருமியாலதான் கிட்டத்தட்ட எல்லாமே வருது. உடலுறவு மூலமா பரவுற கிருமி. இது யாரோட ஒழுக்கத்தைப் பத்தின பேச்சும் இல்லை. கல்யாணம் பண்ணி ஒரே புருஷனோட வாழ்ற பொம்பளைக்கும் வரும். பெரும்பாலும் உடம்பே அந்தக் கிருமியை விரட்டிடும். சிலருக்கு மட்டும் உள்ளேயே தங்கி, 15, 20 வருஷம் கழிச்சுப் புற்றுநோயா மாறும். கிருமி உள்ள வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான் ஊசி நல்லா வேலை செய்யும். அதனாலதான் சின்ன வயசுல போடுறாங்க.

இது கொரோனா ஊசி மாதிரி அவசரமா வந்தது இல்லை. 2006-ல இருந்து உலகத்துல போடுறாங்க. ஆஸ்திரேலியாவுல 2007-ல இருந்து அரசாங்கமே பிள்ளைகளுக்குப் போடுது. நம்ம நாட்டுலயே சிக்கிம்ல 2018-ல 9 முதல் 13 வயசுப் பெண் பிள்ளைகளுக்குப் போட்டிருக்காங்க. புனேயில இருக்கிற சீரம் நிறுவனம் இப்போ இந்த ஊசியை இங்கேயே தயாரிக்குது. பெண் பிள்ளைகளுக்கு ஒரு தவணை போட்டாலும் நல்ல பாதுகாப்பு கிடைக்கும்னு உலக சுகாதார நிறுவனம் 2022-ல சொல்லிடுச்சு. அதனால இது நமக்குத்தான் புதுசு.

"பிள்ளை பிறக்காதா?"ன்னு ஒரு அக்கா நேராவே கேட்டாங்க. "அப்படி எதுவும் இல்லை. இந்த ஊசி போட்ட முதல் பிள்ளைகள் எல்லாம் இப்போ தாயாகி, அவங்க பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுது. இந்த நோய் வந்து கர்ப்பப்பையை எடுத்தாத்தான் பிள்ளை பிறக்காது"ன்னு சொன்னாங்க. என்ன தொந்தரவு வரும்னு கேட்டோம். கை வலிக்கும், வீங்கும், லேசா காய்ச்சல், தலைவலி வரலாம். இந்த வயசுப் பிள்ளைங்க ஊசிக்குப் பயந்து மயங்கி விழறதும் உண்டு, அதனால உட்கார வச்சுப் போட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே இருக்க வைக்கணும். ரொம்ப அபூர்வமா ஒவ்வாமை வரலாம். அதுக்கு மருந்து கையில வச்சுக்கிட்டுத்தான் போடுவாங்க.

யாரோ செத்துட்டாங்கன்னு சொல்றது எதுன்னும் கேட்டோம். நர்சம்மா அதை மறைக்கலை. 2009-ல ஆந்திராவுல கம்மம் மாவட்டத்துலயும், குஜராத்துல வதோதராவுலயும் ஒரு சோதனைத் திட்டமா பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசியைப் போட்டாங்க. அதுல ஏழு பிள்ளைங்க இறந்தாங்க. 2010-ல திட்டத்தை நிறுத்திட்டாங்க. விசாரிச்சப்போ, பாம்பு கடிச்சது, தண்ணியில மூழ்கினது, காய்ச்சல் இப்படி வேற வேற காரணம், ஊசியால இல்லைன்னு சொன்னாங்க. ஆனா இன்னொரு பெரிய தப்பு வெளிய வந்தது. நிறையப் பிள்ளைகளுக்குப் பெத்தவங்களைக் கேட்காம, விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் கையெழுத்துப் போட்டிருந்தாங்க. ஏழைப் பிள்ளைங்க, பழங்குடிப் பிள்ளைங்கதானேன்னு யாரும் தாய்மாரைக் கூப்பிட்டுச் சொல்லலை. அந்தத் தப்பாலதான் நல்ல ஊசியும் பல வருஷம் நம்ம பிள்ளைகளுக்கு வராம போச்சுன்னு எனக்குத் தோணுது. சொல்லாம செஞ்சா நல்லதும் கெட்டதாத் தெரியும்.

கடைசியா நர்சம்மா எங்களைத் திருப்பிக் கேட்டாங்க. "பிள்ளைக்கு ஊசி சரி. 30 வயசுக்கு மேல இருக்கிற நீங்க எத்தனை பேர் ஆரம்ப சுகாதார நிலையத்துல கருப்பைவாய்ப் பரிசோதனை பண்ணியிருக்கீங்க? கையைத் தூக்குங்க." பன்னிரண்டு பேர்ல ரெண்டு பேர்தான் தூக்கினாங்க. என் கை கீழதான் இருந்தது. உடனே ஒரு அக்கா, "நர்சம்மா, நீங்க பண்ணிக்கிட்டீங்களா?"ன்னு கேட்டுட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம். "போன மாசம்தான் பண்ணேன். அஞ்சு நிமிஷம். கொஞ்சம் கூச்சமா இருக்கும், வலி பெருசா இல்லை"ன்னு சொன்னாங்க. அடுத்த வாரமே நாங்க ஏழு பேர் ஒண்ணா ஆட்டோ பிடிச்சுப் போய்ப் பண்ணிட்டு வந்தோம். ஏழு பேர்ல ஒருத்தரை மட்டும் மேல் சோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. ஆரம்ப நிலைங்கறதால சின்னச் சிகிச்சையோட முடிஞ்சது. அவங்க இன்னைக்கு இந்தக் கூட்டத்துல உட்கார்ந்திருக்காங்க. பேரைச் சொல்ல மாட்டேன், ஆனா சொல்லச் சொன்னதே அவங்கதான்.

நம்ம கூட்டமைப்புக்கு நான் மூணு வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒண்ணு, எந்தப் புது ஊசி வந்தாலும் முகாமுக்கு ஒரு மாசத்துக்கு முன்னாடியே ஒவ்வொரு குழுவும் நர்சம்மாவைக் கூட்டத்துக்குக் கூப்பிடணும். வரிசையில நிக்கும்போது கேள்வி கேட்க முடியாது. அவங்களுக்கும் பதில் சொல்ல நேரம் இருக்காது.

ரெண்டு, நம்ம கூட்டமைப்பு மூலமா வட்டார மருத்துவ அலுவலருக்கு மனு குடுக்கணும். புது ஊசி வந்தா, நர்சுங்களுக்கு முதல்ல நிதானமா விளக்கணும். அவங்க சந்தேகத்தைக் கேட்கணும். அவங்க பயத்தை அலட்சியம் பண்ணிட்டு நம்ம பயத்தைப் போக்கச் சொன்னா எப்படி முடியும்?

மூணு, நம்ம பக்கம். நர்சம்மாகிட்ட "நீங்க போட்டுக்கிட்டீங்களா?"ன்னு கேளுங்க. தாராளமா கேளுங்க. ஆமான்னு சொன்னா எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. இல்லைன்னு சொன்னா ஏன்னு கேளுங்க. அவங்களுக்குக் கூடாதது எல்லாம் நமக்கும் கூடாதுன்னு இல்லை. அவங்களும் நம்மளை மாதிரி குடும்பம், பிள்ளைகுட்டி, பயம் எல்லாம் இருக்கிற பொம்பளைதான். நாம அவங்களை எதிரி மாதிரி பார்த்தா அவங்க குடைக்குள்ளதான் ஒதுங்குவாங்க. பக்கத்துல உட்கார வச்சுக் கேட்டா உள்ளதைச் சொல்லுவாங்க.

கூட்டத்துல நடந்ததை வீட்டுக்கு வந்து என் மகள்கிட்டயும் சொன்னேன். அவளுக்குப் போடப்போற ஊசி, அவளுக்கும் தெரியணும் இல்லையா? எல்லாத்தையும் கேட்டுட்டு, "வலிக்குமாம்மா?"ன்னு கேட்டா. வலிக்கும்னு சொன்னேன். "அப்பத்தா இருந்தா எனக்கு முன்னாடி அதுதான் போய் வரிசையில நிக்கும்"னு சொன்னா. நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

அத்தையோட சுருக்குப்பை இன்னும் எங்க வீட்டுல இருக்கு. வெத்தலையை எடுத்துட்டேன். ஆதார் கார்டை எடுக்கலை. போன வாரம் என் மகளோட ஆதாரையும் அதே பையில வச்சு, சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கேன். எங்க ஊருக்கு ஊசி வர்ற அன்னைக்கு அந்தப் பையை எடுத்துக்கிட்டு, நானே அவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்.